லத்தீனோ குடும்பங்களோடு பணியாற்றப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் செவிலியராகவோ மருந்தாளுநராகவோ பள்ளி ஆசிரியராகவோ பேச்சுப் பயிற்சியாளராகவோ சமூகப் பணியாளராகவோ வேலைக்குச் சேரும் தமிழர்கள் பலர், சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு லத்தீனோ குடும்பத்தை, அதாவது லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்த குடும்பத்தைச் சந்தித்துவிடுகிறார்கள். 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்று பதிந்துகொண்டவர்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இது ஐவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாயோடு பாட்டியும் சித்தியும் சேர்ந்து வருவதையும், குழந்தையின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டியிருப்பதையும், மருத்துவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே போய்த் தமக்குள் கூடிப் பேசுவதையும் பார்க்கும்போது, ‘இது நம் ஊர்போலவே இருக்கிறதே’ என்று நமக்குத் தோன்றும். அந்த எண்ணம் வாசலைத் தாண்டி உள்ளே போக உதவும். உள்ளே போனபின் அதை நம்பியே நோயையோ குழந்தையின் படிப்பையோ எடைபோட்டால் தவறு நேரும். ஒத்திருப்பதாகத் தெரியும் எதையும் அந்தக் குடும்பத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள் என்பதைத்தான் கீழே வரும் படிகள் வெவ்வேறு இடங்களில் வைத்துச் சொல்கின்றன.

இந்தத் துறையில் ‘பண்பாட்டுத் திறன்’ என்ற சொல் 1980களின் இறுதியிலிருந்து பரவலாகப் புழங்குகிறது. மெலனி டெர்வலோன், ஜேன் மரே-கார்சியா என்னும் இரு மருத்துவர்கள் 1998 இல் அதன்மேல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். பிறருடைய பண்பாட்டை ஒரு பாடத்தைப்போல் படித்துத் தேர்ச்சி பெற்றுவிட முடியாது என்றும், தன் அறியாமையை ஒப்புக்கொண்டு வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொள்ளும் ‘பண்பாட்டுப் பணிவு’தான் தேவை என்றும் அவர்கள் வாதிட்டார்கள். வேலை விளம்பரங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் இன்னும் முதல் சொல்தான் அதிகம் காணப்படுகிறது. சொல் எதுவாயினும் போகட்டும். செய்யும் வேலை இரண்டாவதைப்போல் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

படி 1: வருகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்

லத்தீனோ என்பது ஓர் இனத்தின் பெயரோ ஒரு நாட்டின் பெயரோ அன்று. அதற்குள் பாதிக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வழியினர். அவர்களிலும் சென்ற ஆண்டு வந்தவர் உண்டு; 1848 வரை மெக்சிகோவுக்கு உரியதாயிருந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அமெரிக்க-மெக்சிகோ போரின் முடிவில் எல்லைக்கோடு நகர்ந்ததால் அமெரிக்கர் ஆனவர்களின் வழித்தோன்றல்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் ‘எப்போது வந்தீர்கள்’ என்று கேட்பது பொருந்தாது. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களிடம் விசா பற்றிக் கேட்பது நம் அறியாமையை முதல் நிமிடத்திலேயே அறிவித்துவிடும். கியூபாவிலிருந்து வந்தோர் 1959 புரட்சிக்குப் பின் அலை அலையாக வந்தார்கள். எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரையும், குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரையும் உள்நாட்டுப் போர் நடந்தது. அந்நாடுகளிலிருந்து வந்த மூத்தவர்கள் சீருடையையும் விசாரணை போன்ற கேள்விகளையும் வேறு கண்ணோடு பார்க்கக்கூடும். பிரேசில்காரர்கள் லத்தீன் அமெரிக்கர்களே. ஆனால் அவர்கள் பேசுவது போர்ச்சுக்கீசியம், அவர்களிடம் ஸ்பானிஷ் துண்டறிக்கையை நீட்டினால் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எந்தச் சொல்லால் அழைப்பது என்ற குழப்பம் புதியவர்களுக்குப் பெரிதாகத் தெரியும். ‘லத்தீனெக்ஸ்’ என்னும் பால்பொதுச் சொல் பல்கலைக்கழகங்களில் கேட்கும். பியூ ஆய்வு மையத்தின் 2023 கருத்துக்கணிப்பில் அச்சொல்லால் தம்மைக் குறிப்பிடுவதாகச் சொன்ன ஹிஸ்பானிக் பெரியவர்கள் 4 விழுக்காட்டினரே. பெரும்பாலோர் ‘நான் மிச்சோவகான்காரன்’, ‘நாங்கள் ஒந்தூரஸ்’ என்று ஊரையோ நாட்டையோ சொல்வார்கள். அவர்கள் சொல்வதையே நீங்களும் சொல்லுங்கள், போதும்.

இதைவிடப் பெரிய ஒன்றைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ஸ்பானிஷே தாய்மொழியாக இல்லாத குடும்பங்கள் கணிசமாக உள்ளன. கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு பகுதியில் ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளர்களில் மிஷ்டெக் என்னும் மெக்சிகோப் பழங்குடி மொழி பேசுவோர் நிறைய இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் சபோடெக் பேசுவோரும், ஓக்லாந்தில் குவாத்தமாலாவிலிருந்து வந்த மாம் மொழியினரும் இருக்கிறார்கள். இவர்கள் ஸ்பானிஷில் கடைவீதிப் பேச்சு பேசக்கூடும். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலை அந்த மொழியில் புரிந்துகொள்ள முடியாமல் இருக்கலாம். மிஷ்டெக் என்பதும் ஒரே மொழி அன்று. ஓர் ஊர்ப் பேச்சு அடுத்த மலைக்கு அப்பால் புரியாது. ஆகவே சந்திப்பைப் பதிவு செய்யும்போதே ‘வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், அம்மாவின் ஊர் எது’ என்ற இரண்டையும் கேட்டுக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவர் இந்த இரு கேள்விகளைக் கேட்கப் பழகிவிட்டாலே உங்கள் வேலையில் பாதி குறைந்துவிடும்.

படி 2: பெயரையும் மரியாதையையும் சரியாகப் பிடியுங்கள்

ஸ்பானிஷ் வழக்கில் ஒருவருக்கு இரு குடும்பப் பெயர்கள் இருக்கும். தந்தையின் குடும்பப் பெயர் முதலிலும் தாயின் குடும்பப் பெயர் அதன் பின்னும் வரும். மரியா கொன்சாலெஸ் லோபெஸ் என்று ஒருவர் வந்தால், கோப்பில் அவரைக் கொன்சாலெஸ் என்ற பெயரின் கீழ்தான் தேட வேண்டும். கடைசியாக நிற்கும் லோபெஸைக் குடும்பப் பெயர் என்றும் கொன்சாலெஸை நடுப்பெயர் என்றும் கணினியில் ஏற்றிவிடுவதால், ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்புகள் உருவாகி, ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஒன்றிலும் மருந்துச் சீட்டு மற்றொன்றிலுமாகப் பிரிந்து கிடக்கும். திருமணத்திற்குப் பின் பல பெண்கள் தம் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. எனவே தாய்க்கும் குழந்தைக்கும் கணவருக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருப்பதை ஐயத்தோடு பார்க்க ஒன்றுமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தோடு விமானம் ஏறி, அமெரிக்கப் படிவத்தில் அது எந்தக் கட்டத்திற்குள் போக வேண்டும் என்று விழித்த தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த நினைவோடு, ‘உங்கள் அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறது, எப்படி அழைப்பது உங்களுக்குப் பிடிக்கும்’ என்று கேளுங்கள்.

மரியாதை விஷயத்தில் தமிழருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு ‘உஸ்தெத்’, ‘தூ’ என்னும் வேறுபாட்டை வகுப்பெடுத்துப் புரியவைக்க வேண்டியிருக்கும். நமக்கு அது நீங்கள், நீ என்ற அளவில் உடனே விளங்கிவிடும். மொழி கற்பிக்கும் செயலிகள் பலவும் முதலில் ‘தூ’ வடிவத்தையே பழக்குவதால், அந்த அரைகுறைப் பயிற்சியோடு அறுபது வயதுப் பெண்மணியை ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டுவிடும் விபத்து நடக்கிறது. பெரியவர்களிடம் எப்போதும் ‘உஸ்தெத்’ சொல்லுங்கள். குடும்பப் பெயரோடு ‘செஞோர்’ (திரு), ‘செஞோரா’ (திருமதி) என்றோ, பழகியபின் முதற்பெயரோடு ‘தோன்’, ‘தோஞா’ என்றோ அழையுங்கள். ஆனால் நம் கணக்கு அப்படியே ஒட்டாது. கொலம்பியாவின் சில பகுதிகளில் கணவன் மனைவியும் நெருங்கிய நண்பர்களும்கூட ‘உஸ்தெத்’ என்றே பேசிக்கொள்வார்கள். அதில் விலகல் எதுவும் இல்லை. மத்திய அமெரிக்காவில் பல இடங்களில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ வரும். அவர்களுக்குள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை வைத்து உறவைக் கணிக்க முயல வேண்டாம்.

படி 3: மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கத்தான் எல்லாரும் வழி தேடுவார்கள். நேரம் இல்லை, தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை, மகளுக்கு ஆங்கிலம் தெரிகிறது, எனக்கே கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியும் என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். அந்தக் காரணங்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1980 இல் ஃபுளோரிடாவில் நடந்த நிகழ்வை மருத்துவ மொழிபெயர்ப்பு வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள். நினைவிழந்த 18 வயது இளைஞரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த கியூப வழிக் குடும்பத்தினர், அவர் ‘இன்டாக்சிகாதோ’ என்றார்கள். கியூபர்கள் அச்சொல்லைச் சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் போனதைக் குறிக்கச் சொல்வார்கள். கேட்டவர்கள் அதைப் போதை என்று எடுத்துக்கொண்டு, அளவுக்கு மீறிய போதைப்பொருளுக்கான சிகிச்சையைத் தொடங்கினார்கள். உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரிய இரண்டு நாளுக்கு மேலாயிற்று. அவருடைய கைகளும் கால்களும் செயலிழந்தன. வழக்கு 7 கோடி டாலரைத் தாண்டிய இழப்பீட்டுத் தீர்வில் முடிந்தது. அன்று யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவில்லை. இரு தரப்பும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

மருந்தகத்தில் பணியாற்றுவோர் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை என்று சொல்ல மருந்துப் புட்டியில் அச்சிடும் ‘ஒன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் அதே நான்கு எழுத்துகளை ஸ்பானிஷ் அறிந்தவர் ‘ஒன்சே’ என்று படிப்பார். அதற்குப் பதினொன்று என்று பொருள். இரத்த அழுத்த மாத்திரையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘1’ என்று எண்ணால் எழுதுங்கள். அதுபோல, புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஒரு தாய் தன் குழந்தைக்கு ‘ஃபதீகா’ என்றால், அகராதிப் பொருளான களைப்பை எழுதிக்கொள்ளாதீர்கள். அங்கே அச்சொல்லை மூச்சுத் திணறலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சொல்வார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய அரசின் நிதி பெறும் நிறுவனங்கள் பிறந்த நாட்டை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. மொழி உதவி மறுக்கப்படுவதும் அதற்குள் அடங்கும் என்று நீதிமன்றங்களும் அரசுத் துறைகளும் பொருள் கொண்டு வந்துள்ளன. 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், நெருக்கடி நிலை தவிர மற்ற வேளைகளில் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக்கூடாது என்கின்றன. 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை அலுவல் மொழியாக அறிவித்த ஆணை, மொழி உதவி குறித்த 2000 ஆம் ஆண்டின் ஆணையை விலக்கிக்கொண்டது உண்மை. 1964 சட்டம் அப்படியே இருக்கிறது. மேலாளர் தயங்கினால் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்வதற்கும் ஒரு முறை உண்டு. குடும்பத்தை உள்ளே அழைப்பதற்கு முன் அவரிடம் இரண்டு நிமிடம் பேசி, இன்று என்ன சொல்லப் போகிறீர்கள், அதில் கடினமான செய்தி ஏதும் இருக்கிறதா என்று தெரிவியுங்கள். அவர் நோயாளியின் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ அமரட்டும். நீங்கள் தாயின் முகத்தைப் பார்த்து, ‘உங்களுக்கு எப்போது வலி தொடங்கியது’ என்றே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து ‘அவருக்கு எப்போது வலி தொடங்கியது என்று கேளுங்கள்’ என்று சொன்னால், எதிரில் இருப்பவர் ஒரு பொருளாகிவிடுகிறார். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். நகைச்சுவையையும் பழமொழியையும் வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நான்கு நிமிடம் பேசியதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டால், என்ன சொன்னார் என்று கேட்கத் தயங்காதீர்கள். முடிவில், ‘புரிந்ததா’ என்ற கேள்வியைத் தவிர்த்து, ‘நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க விரும்புகிறேன், வீட்டுக்குப் போய் இந்த மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.

உங்கள் சொந்த ஸ்பானிஷை வணக்கம் சொல்லவும் குழந்தையைக் கொஞ்சவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதைக் கொண்டு நோயை விசாரிக்காதீர்கள். பன்னிரண்டு வயது மகளை நடுவில் உட்கார வைத்துத் தாயின் கருப்பைக் கட்டி பற்றிப் பேச வைப்பதைவிட, தொலைபேசி இணைப்புக்காக இருபது நிமிடம் காத்திருப்பது மேல்.

படி 4: முதல் ஐந்து நிமிடத்தைப் பேச்சுக்குக் கொடுங்கள்

பயிற்சி வகுப்புகளில் பெர்சொனாலிஸ்மோ, ரெஸ்பேதோ, கொன்ஃபியான்சா என்று சொற்களை அடுக்குவார்கள். ஆளோடு ஆளாகப் பழகுவது, மரியாதை, நாளடைவில் வரும் நம்பிக்கை என்று அவற்றைச் சொல்லலாம். நடைமுறையில் இதன் பொருள் எளிது. கணினித் திரையைத் திறப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், பாட்டியிலிருந்து தொடங்கி, கைகொடுத்து வணக்கம் சொல்லுங்கள். வழியில் மழையா, தம்பி எந்த வகுப்பு என்று இரண்டு வார்த்தை பேசுங்கள். கடிகாரம் ஓடுகிறது என்ற பதற்றம் எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தினால், உண்மையான காரணத்தை நோயாளி கதவின் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

மரியாதைக்கு இன்னொரு முகமும் உண்டு. மருத்துவரையோ ஆசிரியரையோ எதிர்த்துப் பேசுவது முறையன்று என்று வளர்ந்தவர், ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்கும் ‘சி, தொக்தோர்’ என்று தலையாட்டுவார். நம் ஊரில் ‘சரிங்க டாக்டர்’ என்று சொல்லிவிட்டு மாத்திரையை அலமாரியில் போட்டுவிடும் பெரியவர்களை அறிந்தவர்கள் நாம். அந்தத் தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இதில் எது உங்களுக்குக் கடினமாக இருக்கும்’ என்று கேட்டால் பேச இடம் கிடைக்கும்.

படி 5: யாரோடு கலந்து முடிவெடுப்பார் என்று கேளுங்கள்

குடும்பம் என்ற சொல்லின் எல்லை இங்கே அகலமானது. ஞானஸ்நானத்தில் குழந்தையைத் தாங்கிய பத்ரீனோவும் மத்ரீனாவும், அதாவது தமிழ்க் கத்தோலிக்கர் ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று அழைப்போரும், பெற்றோருக்குக் கொம்பாத்ரே, கொமாத்ரே, அதாவது பிள்ளைக்கு உடன்பெற்றோர் ஆகிவிடுகிறார்கள். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அனுமதிக்கப்பட்டோர் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தால், ‘இரத்த உறவா’ என்று கேட்டு நிறுத்தாதீர்கள். பெரிய சிகிச்சைக்கு முன் ‘இதை யாரோடு பேச விரும்புகிறீர்கள்’ என்று கேட்டு, முடிந்தால் அவர்களையும் வரச் சொல்லுங்கள்.

கணவர்தான் முடிவெடுப்பார் என்று நீங்களாகவே தீர்மானித்துக்கொள்ளாதீர்கள். ஆணாதிக்கப் போக்கைக் குறிக்கும் ‘மச்சிஸ்மோ’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஆண்கள் அனைவரையும் அளப்பது சோம்பல். பல வீடுகளில் பணக்கணக்கும் மருத்துவமும் தாயின் கையில்தான் இருக்கும். எவ்வளவு பேர் கூட வந்தாலும், பெண் நோயாளியைச் சில நிமிடம் தனியாகச் சந்திப்பதை எல்லாருக்கும் பொதுவான நடைமுறையாக வையுங்கள்; வீட்டு வன்முறை பற்றிக் கேட்க அதுவே வாய்ப்பு. அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் உறவினராக இருக்கவே கூடாது.

படி 6: வீட்டு வைத்தியத்தைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள்

தமிழருக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றுவதும், அதனாலேயே வழுக்குவதும் இந்த இடம்தான். ‘மால் தே ஓஹோ’ என்றால் கண்ணேறு. நாம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதுபோல், மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் குடும்பங்களில் முட்டையைக் குழந்தையின் உடல்மேல் தடவி எடுத்து, தண்ணீர்க் குவளையில் உடைத்து ஊற்றிப் பார்ப்பார்கள். சிவப்புக் கயிறும், மான்கண் எனப்படும் விதையும், கரீபியத் தீவுகளில் கருநிற அசபாச்சே மணியும் இதற்கான காப்புகள். இதுவரை நம் திருஷ்டிதான். ஆனால் நம் வழக்கில் அழகான குழந்தையை வாயாரப் புகழ்வதே தவிர்க்கப்படும். அவர்கள் பலரின் நம்பிக்கையில், புகழ்ந்துவிட்டுத் தொடாமல் போவதுதான் தீங்கு. எனவே குழந்தை அழகு என்று சொன்னால் தாயைப் பார்த்து அனுமதி பெற்று, அதன் தலையையோ கையையோ மெல்லத் தொட்டுவிடுங்கள். கயிற்றை வெட்ட வேண்டிய தேவை வந்தால் கேட்டபின் வெட்டி, கையில் திருப்பிக் கொடுங்கள்.

தீங்கற்ற பழக்கத்தையும் தீங்கானதையும் பிரித்தறிவது அடுத்த வேலை. கெமோமில் தேநீர், வயிற்றைத் தடவுதல், வழிபாடு போன்றவை மருந்தோடு சேர்ந்தே நடக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கலந்து தருகிறார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் உணவு ஒட்டிக்கொண்டது என்று கருதப்படும் ‘எம்பாச்சோ’வுக்குச் சில குடும்பங்கள் ‘கிரேத்தா’ என்னும் மஞ்சள் பொடியையோ ‘அசர்கோன்’ என்னும் ஆரஞ்சுப் பொடியையோ கொடுப்பதுண்டு. இரண்டும் ஏறத்தாழ முழுக்க ஈயச் சேர்மங்கள். குழந்தையின் இரத்தத்தில் ஈய அளவு உயர்ந்திருந்தால், வீட்டின் பழைய வண்ணப்பூச்சோடு நில்லாமல் இந்தப் பொடிகளைப் பற்றியும், பயறு வேகவைக்கும் மெருகிட்ட மண்பானையைப் பற்றியும் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். ‘நாட்டு மருந்து ஏதும் கொடுத்தீர்களா’ என்றால் இல்லை என்ற பதில்தான் வரும். ‘வயிற்று வலிக்குப் பொடி கொடுக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்; உங்கள் வீட்டில் எதைக் கொடுத்துப் பார்த்தீர்கள்’ என்றால் பெயரும் நிறமும் வெளிவரும்.

‘கைதா தே மொயேரா’ என்பது பச்சிளங்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குவது. குழந்தையைத் தலைகீழாகப் பிடிப்பதும் அண்ணத்தை விரலால் மேலே தள்ளுவதும் இதற்கான வைத்தியம். இரண்டிலும் ஆபத்து உண்டு. அதைவிட, உச்சிக்குழி உள்வாங்குவது கடுமையான நீரிழப்பின் அடையாளம் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இங்கே கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள். ‘உச்சியைக் கவனித்துக் கொண்டுவந்தீர்கள், நல்ல வேளை’ என்று தொடங்கி, நீர்ச்சத்து குறைவதால் அது உள்வாங்குகிறது, இந்த உப்பு-சர்க்கரைக் கரைசல் உள்ளே போனால் மேலே வரும் என்று காட்டுங்கள்.

பேறுகாலத்தின்பின் 40 நாள் ‘குவாரென்தேனா’ உண்டு. தாய் குளிர்ச்சியைத் தவிர்த்து, கோழிச் சாறு குடித்து, உறவினர் துணையோடு ஓய்வெடுப்பார். நம் பத்தியத்தை நினைவூட்டினாலும், எது சூடு எது குளிர்ச்சி என்னும் பட்டியல் நம்முடையது அன்று. அவர்களுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு மாறும். கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரையைச் சூடு என்று ஒதுக்குவோரிடம், ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கச் சொல்லிப் பாருங்கள். குளிர்ச்சி சேர்ந்ததில் அவருக்கு நிம்மதி. வைட்டமின் சி சேர்ந்ததில் இரும்பு உடலில் நன்றாக ஏறும்.

திடீர் அதிர்ச்சியால் வரும் ‘சூஸ்தோ’வையும், நடுக்கமும் கதறலுமாக வெளிப்படும் ‘அத்தாக்கே தே நெர்வியோஸ்’ என்பதையும் 2013 இல் வந்த அமெரிக்க உளநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு தன் சொற்பட்டியலில் சேர்த்திருக்கிறது. யாராவது இச்சொற்களைச் சொன்னால் உடனே வேறு பெயருக்கு மாற்றி எழுதாமல், அவர் சொன்ன சொல்லையும் பதிவு செய்யுங்கள். ஆர்தர் கிளைன்மன் என்னும் மருத்துவ மானிடவியலாளர் 1970களில் வகுத்த கேள்விகள் எந்த நோய்க்கும் பொருந்தும். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது தொடங்கியது, உங்களுக்கு என்ன செய்கிறது, எதைக் கண்டு அதிகம் அஞ்சுகிறீர்கள், சிகிச்சையிலிருந்து எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பவை அவற்றுள் சில. ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் என்றால் அச்சத்தைப் பற்றிய கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: பள்ளியில் பணியாற்றுவோர் ‘எதுகசியோன்’ என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்

இச்சொல் படிப்பை மட்டும் குறிப்பதில்லை. நடத்தையும் பணிவும் அதில் அடங்கும். ‘பியென் எதுகாதோ’ என்றால் நல்ல வளர்ப்பு உள்ள பிள்ளை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் அட்டையைக் காட்டும்போது, தந்தை ‘எப்படி நடந்துகொள்கிறான்’ என்று கேட்டால், அவர் படிப்பில் அக்கறையற்றவர் என்று எழுதிவிடாதீர்கள். அவர் தம் கணக்கில் முதன்மையான பாடத்தைப் பற்றித்தான் கேட்கிறார். பள்ளிக்கு வந்து கேள்வி கேட்காத பெற்றோரையும் அலட்சியமானவர் என்று எண்ண வேண்டாம். வகுப்பறை ஆசிரியரின் ஆட்சி, அதில் தலையிடுவது அவமதிப்பு என்று கருதுவோர் உண்டு. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், வாத்தியாரே’ என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போன நம் தாத்தாக்களை யாரும் அக்கறையற்றவர் என்று சொன்னதில்லை. கூட்டத்துக்கு வர வேண்டும் என்பதை அழைப்பாக மட்டும் அனுப்பாமல், வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லி அழையுங்கள்.

குழந்தை பேசத் தாமதித்தால் ‘வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்று அறிவுரை கூறுவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. இந்த அறிவுரை, தாய்க்குச் சரளமாக வராத மொழியில் தாலாட்டச் சொல்வதாகும். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே பேச்சே இல்லாமல் செய்துவிடும். இரு மொழியிலும் குழந்தையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: ஆவணம் பற்றிய அச்சத்தைப் பெரிதாக்காதீர்கள்

ஒரே வீட்டில் குடிமகனான குழந்தையும், நிரந்தர வதிவிட உரிமை பெற்ற தந்தையும், குடிவரவு ஆவணமற்ற தாயும் இருக்கலாம். பொதுப்பள்ளிக் கல்வியை ஆவணமில்லை என்பதற்காக மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982 இல் டெக்சாஸ் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடிவரவு நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டதிலிருந்து, மருத்துவமனைக்குள் வருவதற்கே தயங்குவோர் உண்டு. உங்கள் வேலைக்குத் தேவையில்லாத குடிவரவு நிலையைக் கேட்காதீர்கள். தற்செயலாகத் தெரியவந்தாலும் கோப்பில் எழுதாதீர்கள். படிவத்தில் முகவரி கேட்டால் அது எதற்கு, யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். அதிகாரிகள் வந்தால் யார் பேசுவது என்ற எழுத்து நடைமுறை உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். சட்ட ஆலோசனை மட்டும் நீங்களாகக் கூறாதீர்கள்.

கையெழுத்து வாங்கும்போது பழைய காயம் ஒன்றையும் நினைவில் கொள்ளுங்கள். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சல்ஸின் ஒரு பொது மருத்துவமனையில், மெக்சிகோ வழிப் பெண்களிடம் பிரசவ வலியின் நடுவே ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை அறுவை செய்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு 1978 இல் தோற்றது. ஆயினும் ஒப்புதல் விதிகள் இறுகின. இன்று குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு வழியே நடக்கும் கருத்தடைக்கு, கையெழுத்துக்கும் அறுவைக்கும் இடையே பொதுவாக 30 நாள் காத்திருப்பு வேண்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

படி 9: சந்திப்பு முடிந்தபின்

வராமல் போனவர் பெயருக்கு எதிரே ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவதற்கு முன் வேலை நேரத்தைக் கேளுங்கள். தோட்டத்திலும் கட்டுமானத்திலும் மணிக்கூலிக்கு உழைப்பவர்க்கு வேலை நாளில் வரும் சந்திப்பு ஒரு நாள் கூலி இழப்பு. அறுவடை முடிந்தால் குடும்பமே அடுத்த மாநிலத்துக்கு நகர்ந்துவிடும். மாலை நேரச் சந்திப்பு, வாட்ஸ்அப் நினைவூட்டல், கையோடு எடுத்துச் செல்லும் மருந்துப் பட்டியல் ஆகியவை ஆலோசனையைவிட அதிகம் உதவும். உங்கள் பகுதியில் ‘ப்ரோமோத்தோரா’ எனப்படும் சமூக நலப் பணியாளர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். அதே தெருவில் வாழ்ந்து, அதே தேவாலயத்துக்குப் போகும் பெண்கள் அவர்கள். நீரிழிவுக்காரரிடம் ‘தொர்த்தியாவை (சோள ரொட்டியை) நிறுத்துங்கள்’ என்று நீங்கள் சொல்வதும், ‘மூன்றை இரண்டாக்கி, நோபால் கள்ளியைச் சேர்த்துக்கொள், கொமாத்ரே’ என்று அவர் சொல்வதும் ஒன்றல்ல. சோற்றை விடச் சொன்ன மருத்துவரை நம் வீடுகளில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தவறு செய்தால், பெயரைத் தவறாக அழைத்தாலோ ‘தூ’ என்று சொல்லிவிட்டாலோ, சுருக்கமாக மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். நீண்ட விளக்கம் கொடுத்தால் அவர்கள்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

டிசம்பரில் யாராவது ஒரு பாத்திரம் நிறையத் தமாலேயோடு, அதாவது சோள மாவைச் சோள மடலில் பொதிந்து வேகவைத்த பண்டத்தோடு வருவார்கள். அதைச் செய்ய வீட்டுப் பெண்கள் ஒரு நாள் முழுவதும் கூடி உட்கார்ந்திருப்பார்கள். அன்பளிப்பு பற்றிய நிறுவன விதியை முன்பே படித்து வையுங்கள். பணமும் விலையுயர்ந்த பொருளும் கூடாது என்றும், எல்லாரும் பகிரும் உணவு பரவாயில்லை என்றும் பல இடங்களில் விதி இருக்கும். அப்படியிருந்தால் இரு கையாலும் வாங்கி, பணியாளர் அறை மேசையில் எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். சாப்பிடுமுன் சோள மடலை உரித்துவிட வேண்டும். மாவில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம் என்பதால், சைவம் உண்பவர் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம்.